திருவொற்றியூரிலும் ஒரு மடம் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் ஃபவுண்டன்ஸ் மடாலயம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். யார்க் நகர மடத்தோடு ஒத்துப்போகாமல் 1132-இல் வெளியேறிய 13 துறவிகள், ஸ்கெல் ஆற்றங்கரை, ஆட்டு ரோமம் விற்றுச் சேர்த்த செல்வம், 1539-இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்ததும் கூரையிலிருந்த ஈயம்கூடப் பிடுங்கப்பட்டது என எதையும் விடவில்லை. கடைசிப் பத்திதான் என் மனதை நோகடித்துவிட்டது. பழைய மடம் ஒன்றில் போய் நிற்கும் கொடுப்பினை சென்னைக்காரர்களுக்கு இல்லை, அதிலும் வட சென்னையில் வளர்ந்த தனக்குப் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்தான் வாய்த்தன என்று முடித்திருக்கிறார். நீங்களும் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள்.

ஐயா, நான் திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். 64 வயதாகிறது. அந்த ஃபவுண்டன்ஸுக்கு நானும் போயிருக்கிறேன். 2019-இல் மகளின் பிரசவத்துக்காக லீட்ஸ் போயிருந்தபோது மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு போனார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த 300 அடி நீளக் கிடங்குக்குள் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நடுவே வரிசையாகக் குட்டைத் தூண்கள். ஒவ்வொன்றும் மேலே போய்க் கிளை கிளையாகப் பிரிந்து கூரையைத் தாங்குகிறது. வெளியே நல்ல வெயில், உள்ளே மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லிப்பு. துறவிகள் குளிர்காய்ந்த அறையில் இருந்த கணப்புக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். இது இன்ன இடம், இங்கே இன்னது நடந்தது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சுற்றிக்காட்டிய வயதான அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "அத்தை, உங்க ஊர்ல இந்த மாதிரி பழைய மடம் உண்டான்னு கேக்குறாங்க" என்றார் மாப்பிள்ளை. நான் "இல்லை" என்றேன்.

அந்த வருடக் கார்த்திகைப் பௌர்ணமிக்குள் ஊர் திரும்பிவிட்டேன். திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் திறக்கும் மூன்று நாளில் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேத்திக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு கன்னிமாரா நூலகத்துக்கே போய், கல்வெட்டுத் தொகுதியைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன்.

கேரளத்தில் பிறந்த வல்லபன் என்பவர் சோழ நாட்டுக்கு வந்து, சோழ மன்னன் பராந்தகனின் மகன் ராஜாதித்தனுக்கு உற்ற நண்பரானார். 949-இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். அந்த நேரத்தில் நண்பர் பக்கத்தில் இல்லை. கூட இருந்து சாகவில்லையே என்ற வெட்கம் அவரை அரித்துவிட்டது. கங்கைக்குப் போய் மூழ்கித் துறவியானார். பிறகு திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கிருந்த மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு எந்த ஆண்டுக் கணக்கில் பொறிக்கப்பட்டது தெரியுமா? ராஜாதித்தனைச் சாய்த்த படையின் அரசன், ராஷ்டிரகூடன் கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டு, அதாவது 959 வாக்கில். நண்பனின் உயிரை எடுத்தவன் ஆட்சியில் இருந்துகொண்டு, அவன் ஆண்டைப் போட்டே தன் துக்கத்தைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறார். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சதுரானனர் என்ற பட்டம் அந்த மடத்தில் தொடர்ந்து வந்தது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அப்படி ஒரு சதுரானனர் சொல்லித்தான், தூங்கானை மாடமாக, படுத்த யானையின் பின்புறம் போல வளைந்த கருவறையை ரவி என்ற வீரசோழத் தச்சன் கருங்கல்லில் கட்டினான். இலக்கணத்துக்கென்றே இங்கே ஒரு மண்டபம் இருந்திருக்கிறது. மடத்துச் சுவர் என்று காட்ட இன்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எழுத்து இருக்கிறதே, ஐயா.

நான் படித்த பள்ளி கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். தக்கோலப் போர் 949 என்று மனப்பாடம் பண்ணித் தேர்வில் எழுதினேன். அந்தப் போரில் உடைந்துபோன ஒரு மனிதர் அடுத்த தெருவில் வந்து துறவியாக இருந்தார் என்று ஒரு டீச்சரும் சொல்லவில்லை. பத்திரிகையாவது சொல்லியிருக்க வேண்டாமா? 2017-இலும் 2023-இலும் எண்ணூரில் எண்ணெய் கொட்டியபோது உங்கள் நிருபர்கள் வந்து எழுதினார்கள். அதற்கு நன்றி. கத்திக்குத்து என்றாலும் வருகிறீர்கள். வேறு எதற்கு வந்தீர்கள்? என் பெரிய மகனுக்குப் பெண் பார்த்தபோது "வட சென்னையா?" என்று கேட்டு எழுந்து போன வீட்டுக்காரர்களும் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறவர்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னை 1639-இல் பிறந்தது என்று சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள். அதற்கு 680 ஆண்டுக்கு முன்னால் பொறித்த அந்த எழுத்து எந்த ஊரைச் சேர்ந்தது?

2022-இல் மெட்ரோவின் திருவொற்றியூர் தேரடி நிலையம் திறந்தபோது, அங்கே இறங்கினால் பார்க்க வேண்டியவை என்று ஒரு கடிதம் எழுதினேன். பட்டினத்தார் அடங்கிய இடம், சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த மகிழ மரம், வள்ளலார் நடந்து வந்து பாடிய வடிவுடையம்மன் சன்னிதி எல்லாம் அதில் இருந்தன. கோலட் என்ற வெள்ளைக்கார கவர்னர் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது என்றுகூட எழுதியிருந்தேன். நீங்கள் போடவில்லை. இடம் இருந்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதிய அதே வார்த்தையை நானும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தவள்தான். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்பதால்தான் வருத்தம் இரண்டு மடங்காகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் மடம் இருந்தது என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இணைப்பில் வாராவாரம் வரும் சென்னை உலா வரைபடம் பாரிமுனையோடு நின்றுவிடுகிறது. அதைத் தேரடி வரை நீட்டுங்கள். தேதியை முன்கூட்டிச் சொன்னால் இரண்டு பிரதி வாங்கிவிடுவேன். ஒன்றைக் கத்தரித்து லீட்ஸுக்கு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை அதை அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காலடிப்பேட்டை, சென்னை 600019