ஹோஸ் மாட்டுவது ஒரு வரி வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேம்பிரட்டா, விஜய் சூப்பர், பஜாஜ் சேட்டக் வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மாற்றுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். டிஸ்க்கின் அளவும் காலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிராக்கெட்டை லேத்தில் கடையும் விதமும் விவரமாகவே இருந்தன. கடைசியில் மட்டும், லீவர் பக்கமிருந்து காலிப்பருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸைப் பற்றி ‘ஹோஸை இணைத்து ஆயில் ஊற்றவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காடு போய், அதே வழியாக இறங்க வேண்டிய வண்டிக்கு உயிர்நாடி அந்த வரிதான்.

1962-லேயே லேம்பிரட்டா டிவி 175-இல் முன் டிஸ்க் வந்துவிட்டதே என்பவர்கள் உண்டு. வந்தது உண்மை, ஆனால் அது கேபிள் இழுக்கும் டிஸ்க். கேபிள் நைந்தால் ஒவ்வொரு இழையாக அறுந்து முன்கூட்டியே சொல்லிவிடும். ஹோஸ் அப்படிச் சொல்லாது. லீவரைக் கையால் 10 கிலோ பலத்தில் பிடித்தால் நெம்புதலில் அது ஏறக்குறைய 6 மடங்காகிறது. 12.7 மி.மீ. பிஸ்டன் உள்ள மாஸ்டர் சிலிண்டரில் (லீவரை ஒட்டி இருந்து ஆயிலைத் தள்ளும் பாகம்) அது சதுர சென்டிமீட்டருக்கு 47 கிலோ அழுத்தம். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 கிலோதான். பெட்ரோல் டியூபை வெட்டி கிளிப் போட்டு முறுக்கி ‘நிற்குது’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் கண் (போல்ட் நுழையும் உலோக வளையம்) வைத்து ஃபேக்டரியில் அழுத்திய ஹோஸ் மட்டுமே வேண்டும். கடையில் பல வருடம் கிடந்த பழைய ஸ்டாக்கும் வேண்டாம். மடக்கிப் பார்த்தால் ரப்பரில் மயிரிழை வெடிப்பு தெரியும்.

நீளம் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை நேராக வைத்து அளந்தால் எல்லா ஹோஸும் சரியாகத்தான் இருக்கும். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். ஃபோர்க் முழுதாக நீண்டு தொங்கட்டும். ஒரு பழைய கேபிளை ஹோஸ் போகும் வழியிலேயே கட்டி, ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி, அதிகம் தேவைப்படும் நீளத்தை எடுத்து 2, 3 செ.மீ. கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினாலும் தொல்லை. கொண்டை ஊசியில் பிரேக் பிடித்துத் திரும்பும்போது முன்பக்கம் அமுங்கும். அப்போது மிச்ச நீளம் புடைத்துக்கொண்டு டயரில் உரசும். பழைய கேபிள் போன ஃபோர்க் குழாய்க்குள்ளேயே ஹோஸை விடுவது பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஸ்பீடாமீட்டர் கேபிளும் இருக்கிறது, தகடு ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லாமல் விடவே கூடாது. உரசல் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் வெளியே கொண்டுவந்து கிளாம்ப் போடுவதே எங்கள் கட்சி.

ஹோஸின் கண்ணைப் பிடித்து இறுக்கும், நடுவே ஆயில் போகத் துளையுள்ள பேஞ்சோ போல்ட் பார்வைக்கு ஒரே மாதிரி 10 மி.மீ. தான். மரை இடைவெளி (பிட்ச்) மட்டும் 1.0 மி.மீ., 1.25 மி.மீ. என இரண்டு வகை. ஒரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர், இன்னொரு வண்டியின் காலிப்பர் என்று சேர்க்கும்போது இரண்டு முனைக்கும் இரண்டு வகை போல்ட் தேவைப்படலாம். விரலாலேயே ஐந்தாறு சுற்று உள்ளே போக வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் ஸ்பானரைக் கீழே வையுங்கள். அலுமினிய மரை போனால் மாஸ்டர் சிலிண்டரே போச்சு. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர், மொத்தம் நான்கு, நான்கும் புதிது. போல்ட்டை இறுக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் ஒரு கை பிடித்திருக்கட்டும். இறுக்கும் பலத்தைக் காட்டும் டார்க் ரென்ச்சில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள், அந்தந்த பாகத்துக்குச் சொன்ன அளவு.

பிரேக் ஆயில் டாட் 4 தரம், சீல் உடைக்காத பாட்டில், கால் லிட்டர் தாராளம். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காத ஆயில், ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் ஆவியாகி, லீவர் ஹேண்டில் வரை பஞ்சாய் வந்துவிடும். பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் உள்ளே ரப்பர் உப்பிவிடும். ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துணியால் தேய்க்காதீர்கள்.

ஆயில் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் முறை தெரிந்ததுதான்: லீவரை மெதுவாக நாலு தடவை அழுத்திப் பிடி, காலிப்பரில் காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைக் கால் சுற்று திற, மூடு, பிறகே லீவரை விடு. நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயிலில் மூழ்கியே இருக்க வேண்டும். எவ்வளவு எடுத்தும் லீவர் மெத்தென்றே இருந்தால் காற்று பெரும்பாலும் காலிப்பரில் இருக்காது. மேலே, மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய பேஞ்சோவில் உட்கார்ந்திருக்கும், அதுதான் உயரமான இடம். சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளினால் வெளியேறும்.

கடைசியாக ஒன்று. லீவருக்குக் கொஞ்சம் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் வெறுமனே அசையும் தூரம்) இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஆயில் மேலே உள்ள கிண்ணமான ரிசர்வாயருக்குத் திரும்பும் ஊசித் துளை அடைபட்டே இருக்கும். சூடான ஆயில் விரிந்து போக இடமில்லாமல் டிஸ்க்கில் உரசும் கட்டையான பேடை அழுத்தும், அழுத்த அழுத்த இன்னும் சூடாகும், பாதி இறக்கத்தில் முன்சக்கரம் கட்டிக்கொள்ளும். ஆறியதும் தானாக விட்டுவிடும் என்பதால் பணிமனைக்கு வந்தபின் குறையே தெரியாது. ரிசர்வாயர் மூடியைத் திறந்து லீவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆயில் பரப்பில் சின்ன ஊற்று மாதிரி ஒரு துள்ளல் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வண்டியை மலை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன மெக்கானிக்குகள்,
அஸ்தம்பட்டி, சேலம்.