மில்க் ஆற்றில் நீ கேட்டதற்கு

அன்புள்ள அக்கா,

நேற்றிரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதை என்பது உனக்குத் தெரியும். இங்கே அதை எழுத மாட்டேன், ஏனென்றால் ஆறுகளைப் பற்றி நான் எழுதுவதைப் படிக்க வருபவர்களில் துடுப்புப் போடுகிறவர்கள் மட்டுமல்லாமல் நம் சித்தப்பா வீட்டாரும் இருக்கிறார்கள். என் அழைப்பை நீ எடுப்பதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். மற்றவர்கள் இதை ஓர் ஆற்றுப் பயணக் குறிப்பாகப் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒரு செய்தி. மில்க் ஆறு அமெரிக்காவின் மொன்டானாவில் பிறந்து, கனடாவின் ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்து, எல்லையை ஒட்டிக் கிழக்கே ஓடி, மறுபடியும் மொன்டானாவுக்குள் இறங்கி மிசௌரியில் கலக்கிறது. ஆல்பர்ட்டாவின் மற்ற பெரிய ஆறுகளெல்லாம் ஹட்சன் விரிகுடாவுக்கோ ஆர்க்டிக் கடலுக்கோ போக, இதன் நீர் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. 1805இல் மிசௌரி வழியாக வந்த அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், இதன் தண்ணீர் தேநீரில் ஒரு கரண்டிப் பால் கலந்த நிறத்தில் இருப்பதாகக் குறித்துவைத்தார். இதை நான் சொன்னபோது, அப்படியானால் அது அலுவலகத்து டீ, அம்மா போடுகிற டீ இல்லை என்று நீ சொல்லிச் சிரித்தாய். அன்று காலை நீ நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதை நான் மறக்கவில்லை.

2023 ஜூலையில் ஒரு பாலத்தடியில் கயாக் படகை இறக்கினோம். மேற்கிலிருந்து அடித்த காற்று முதுகைத் தள்ளியது. ஆறு வளைந்து திரும்பிய இடங்களில் மட்டும் அதே காற்று முகத்தில் மோதி நம்மை நிறுத்தியது. இரட்டைக் கயாக்கில் முன் இருக்கைக்காரர் பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பின் இருக்கைக்காரர் படகைத் திருப்ப வேண்டும். கலங்கிய நீரில் பாறை கண்ணுக்குத் தெரியாது, நீரின் மேற்பரப்பில் விழும் கோடுகளைத்தான் படிக்க வேண்டும்: அவை ஆறு போகும் திசையில் கூர்ந்து முடிந்தால் வழி, நம்மை நோக்கிக் கூர்ந்து நின்றால் அடியில் பாறை. இதைக் கரையிலேயே சொல்லிக்கொடுத்தேன், நீயும் உடனே பிடித்துக்கொண்டாய்.

ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் நீ துடுப்பை மடியில் வைத்தாய். திரும்பிப் பார்க்காமல், நீரைப் பார்த்தபடியே, அதைச் சொன்னாய், சொல்லிவிட்டு, "அம்மாவிடம் நீ சொல்கிறாயா? என்னால் முடியவில்லை" என்று கேட்டாய். உன் தொப்பியும் லைஃப் ஜாக்கெட்டின் பின்புறமும்தான் எனக்குத் தெரிந்தன. நான் வாயைத் திறந்தபோது உன் தோளுக்கு அப்பால் நம்மை நோக்கிக் கூர்ந்து நின்ற கோடுகள் தெரிந்தன. "இடது பக்கம், பாறை!" என்று கத்தினேன். நீ துடுப்பை எடுத்துப் போட்டாய், படகின் அடி உரசிக்கொண்டு தாண்டியது. அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாறை இருந்தது, அக்கா. நான் கேள்வியைத் தட்டிக்கழித்தேன் என்று நீ சித்தியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சித்தியிடம் போய்ச் சொல்லத் தெரிந்த உனக்கு அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லையா? அந்தப் பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவளும் நீதான். ஆனால் பாறையைத் தாண்டிய பிறகு நாம் கரையேற வேண்டிய பூங்கா வரையில் பல மணி நேரம் இருந்தது, அந்த நேரமெல்லாம் நான் பேசாமல் இருந்ததற்குப் பாறை காரணமில்லை, அதற்காக வருந்துகிறேன். நான் உன் தம்பி. அம்மா முதலில் கேட்கப்போவது "உனக்கு எப்போது தெரியும்?" என்பதுதான் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அத்தானைப் பற்றி இங்கே எதுவும் எழுத மாட்டேன். இந்த நாட்டுப் பனியில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பதை மட்டும் நீ நினைத்துப் பார்.

நீ பார்க்க ஆசைப்பட்டுவந்த ரைட்டிங்-ஆன்-ஸ்டோன் பூங்காவில், பிளாக்ஃபுட் பழங்குடி மக்கள் ஐசினைபி என்று அழைக்கும் அந்தப் பாறைச் சித்திரங்களின் இடத்தில், நீ எதையும் பார்க்கவில்லை. 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மணற்கல் குன்றுகளில் தகைவிலான்கள் மண்கூடு கட்டியிருந்ததைக் காட்டினேன், தலையாட்டினாய். கரையேறிய பிறகு உன் வண்டியில் ஏறி, என் வண்டி நின்ற பாலத்தடிக்குத் திரும்பிய சரளைச் சாலை முழுவதும் கொசுவைப் பற்றிப் பேசினோம். அந்தக் கொசுப் பேச்சுக்கு நாம் இருவருமே பொறுப்பு.

அடுத்த கோடையில் மறுபடி போகலாம், அங்கே வைத்துப் பேசலாம் என்று நான் எழுதியது பொய்யில்லை. கோடையில் மில்க் ஆற்றில் படகு ஓடுவதே செயின்ட் மேரி ஆற்று நீரை இதில் கொண்டுவந்து விடும் மொன்டானாவின் செயின்ட் மேரி கால்வாயின் தயவில்தான். ஏறத்தாழ 47 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய், வினாடிக்கு 850 கன அடி கொண்டுபோகக் கட்டப்பட்டு, பழுதாகிப் பழுதாகி 600 அளவுக்கு வந்து நின்றது. பள்ளத்தாக்கைக் கடக்க அதற்கு அப்போது நூறாண்டுப் பழைய எஃகுக் குழாய்கள் இருந்தன. 2024 ஜூன் 17 அன்று அவற்றில் ஒன்று வெடித்தது, கால்வாயை மூடினார்கள், ஆற்றில் தன் சொந்த நீர் மட்டும் மிஞ்சியது. பாறைகளெல்லாம் வெளியே தெரிந்த ஆற்றில் எங்கே படகு விடுவது? இதை உனக்கு எழுதியபோது, குழாய் வெடித்தது உனக்கு நல்லதாகப் போயிற்று என்று பதில் போட்டாய். அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் நானும் உனக்கு எழுதுவதை நிறுத்தினேன். அது உண்மையாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றி. நான் சொல்லி முடித்ததும், எனக்கு எப்போது தெரியும் என்று, நான் நினைத்தபடியே, கேட்டாள். ஆற்றில் வைத்து நீ சொன்ன நாளைச் சொன்னேன். இத்தனை நாள் ஊமையாக இருந்தாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். இன்று மறுபடி அழைத்து, உன் ஊரில் எத்தனை மணிக்கு நீ வேலை முடிந்து வருவாய் என்று விசாரித்தாள். நம் நேரம் இரவு எட்டு மணி, அம்மா இருக்கும் இடத்தில் காலை ஏழரை, என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள்.

என்னுடைய அழைப்பை எடுக்காவிட்டாலும் அவளுடையதை எடு. அவள் கேட்டவற்றில் பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை, அவை நீ சொல்ல வேண்டியவை. நீ கேட்டதை நான் செய்துவிட்டேன், தாமதமாகத்தான். இதற்குமேல் உங்கள் இருவருக்கும் நடுவில் என்னை உட்காரவைக்காதே.

அன்புடன்,
தம்பி