கணித நூல் எழுதும் நண்பனுக்கு

கோத்தகிரி,
கார்த்திகை மாதம்.

அன்பு நண்பனுக்கு,

கொடைக்கானலிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். நூலின் நடுவே ஒரு சமன்பாட்டைச் சேர்த்ததும், அதற்குப் பின்னுள்ள எண்களையெல்லாம் கையால் திருத்த வேண்டியதாயிற்று என்று வருந்தி எழுதியிருந்தாய். அந்த வேலை உனக்கு இனி வேண்டாம்; லிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிடு.

தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் பிடிக்காமல், 1977-இல் கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் தாமே எழுத்துக்கோக்க முனைந்ததில் பிறந்தது டெக் என்னும் எழுத்துக்கோப்பு மென்பொருள். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட், எளிய கட்டளைகளைக் கொண்ட லாடெக்கை அமைத்தார். லாடெக் கட்டளைகளை மனப்பாடம் செய்யாமலேயே அதன் பயனைப் பெற வழிசெய்யும் லிக்ஸை 1995-இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கினார்.

இது தலைப்பு, இது தேற்றம், இது நிறுவல் என்று நீ குறித்துவிட்டால் போதும். எழுத்தளவையும் இடைவெளியையும் எண்களையும் லாடெக் பார்த்துக்கொள்ளும். இடைவெளி விசையை இரண்டு முறை தட்டினாலும் லிக்ஸ் ஒரு இடைவெளிதான் விடும். கன்ட்ரோலையும் எம் விசையையும் சேர்த்து அழுத்தினால் கணிதக் கட்டம் திறக்கும். அதில் பின்சாய்கோடிட்டு ஃப்ராக் (frac) என்று ஆங்கில எழுத்தில் தட்டி இடைவெளி விசையை அழுத்தியதும், மேலும் கீழுமாக இரண்டு வெற்றிடங்களுடன் பின்னம் வந்து நிற்கும். தொகுதியை எழுதிவிட்டுக் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பகுதிக்கு வந்துவிடலாம்.

லிக்ஸில் எழுதிய என் பாடக்குறிப்பில் பரவளையத்துக்கு எடுத்துக்காட்டாக நம் உதகை முத்தொரை ரேடியோ தொலைநோக்கியை வைத்திருக்கிறேன். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பரவளைய உருளை, ஊரின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகை அளவுக்கே சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைந்திருப்பதால், அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக இருக்கிறது. மாணவர்கள் கண்ணால் பார்த்த பொருள் என்பதால் இந்தப் பகுதியைப் பின்னர்தான் சேர்த்தேன். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அடையாளப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரைக் கொண்டே சுட்டியிருந்ததால், பிடிஎஃப் எடுத்தபோது பின்னுள்ள எண்களோடு, ‘சமன்பாடு 4.6-ஐக் காண்க’ என்பது போன்ற இடங்களும் தாமாகவே மாறியிருந்தன. உன் நூலில் இதுவே பாதி உழைப்பை மிச்சப்படுத்தும்.

தமிழ் வருமா என்று நீ ஐயப்படலாம், நன்றாகவே வரும். ஆவண அமைப்புகளில் மொழியைத் தமிழ் என்று குறித்து, டெக் அல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்தும்படி தேர்ந்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்து, யூனிகோடு எழுத்துருக்களை ஏற்கும் டெக் வடிவமான ஸீடெக் வழியாகப் பிடிஎஃப் எடு. புணர்ச்சியால் நீண்ட சொற்கள் நம் மொழியில் மிகுதி. ஒரு வரியில் ஒன்று அடங்காமல் போனால் மற்றச் சொற்களிடையே பெரிய வெளி விழுந்துவிடும். டெக் வரிவரியாக முடிவெடுக்காமல் பத்தி முழுவதையும் எடைபோட்டே எங்கே முறிப்பது என்று தீர்மானிக்கிறது. சொற்களைப் பிரிப்பதற்கான தமிழ் விதிகளும், டெக்கையும் அதன் துணைக்கோப்புகளையும் ஒன்றாகத் தரும் டெக் லைவ் தொகுப்பிலேயே இருக்கின்றன. தமிழ் அச்சில் அக்கறை உள்ளவர்கள் இதற்காக மட்டுமே இதைக் கற்கலாம் என்பேன்.

லிக்ஸ் கோப்பு வெறும் உரைக்கோப்பு. எந்தக் கணினியிலும் எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். டெக்கின் பதிப்பெண்ணோ திருத்தத்துக்குத் திருத்தம் பை (π) எண்ணின் மதிப்பை நெருங்குகிறது. 2021-இல் வந்தது 3.141592653. உனக்கு இது பிடிக்கும் என்று தெரியும்.

டெக் லைவ் முழுத் தொகுப்பு சில ஜிபி இருக்கும். மழைக்காலத்தில் மலையில் இணையத்தை நம்பி இறக்க முடியாது. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போகும்போது இறக்கிக்கொள். பிறகு இணையமே தேவையில்லை. நிறுவி முடித்ததும் நூலின் மூன்றாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்பு. தேற்றங்களுக்கும் நிறுவல்களுக்கும் உரிய அமைப்பைச் செய்து, தமிழ்த் தலைப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்