வரைபடத்தைக் கொடுங்கள்: பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியரசுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரித் தமிழன், பிரெஞ்சுக் குடிமகன். உங்கள் நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கடந்த ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு என் பெரியப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய பழைய சொல்தா (சிப்பாய்). பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கைநடுங்க மலர் வைத்தார். வீடு திரும்பும்போது, "ரெகானில் புதைத்ததையெல்லாம் எடுத்துவிட்டார்களாடா?" என்று கேட்டார். ரெகான், அல்ஜீரியச் சகாராவில் பிரான்சு அணுகுண்டு சோதித்த இடம். அங்கே பணியிலிருந்தபோது வண்டிகளையும் கருவிகளையும் குழிவெட்டி மணலால் மூடியதைப் பார்த்தவர் அவர். தேடிப் படித்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

1960 பிப்ரவரி 13 முதல் 1966 வரை அல்ஜீரியச் சகாராவில் பிரான்சு 17 அணுகுண்டுகளை வெடித்தது. அவற்றில் 11, அல்ஜீரியப் போரை முடித்துவைத்த 1962 எவியான் உடன்படிக்கைக்குப் பிறகு வெடித்தவை. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1962 மே 1 அன்று இன் எக்கர் என்ற இடத்தில், நிலத்தடிச் சோதனையின்போது மலையைப் பிளந்துகொண்டு கதிரியக்க மேகம் வந்தபோது அங்கிருந்த பிரெஞ்சு அமைச்சர்கள் இருவரும் ஓடினார்கள். அவர்களைக் குளிக்கவைத்துக் கதிரியக்கத் தூசியைக் கழுவினார்கள். மேகம் போன திசையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

1967இல் நீங்கள் அந்தச் சோதனைத் தளங்களைவிட்டு வெளியேறினீர்கள். காற்று மணலை அரித்தது. கம்பியும் தகடும் தலைகாட்டின. ஏழைகள் பொறுக்கினார்கள். செம்புக் கம்பியை உருக்கி விற்றார்கள். தகடு வீட்டுக்குக் கூரையானது. இரும்பு அடுப்படிக்குப் போனது. அந்தக் கூரைக்குக் கீழே ஒருத்தி தன் குழந்தையைத் தூங்கவைத்திருப்பாள். தகட்டில் வாசமில்லை, சூடில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா.

எனவே கேட்கிறேன்: எங்கெங்கே, என்னென்ன புதைத்தீர்கள்? அந்த வரைபடத்தை முழுமையாக அல்ஜீரியாவிடம் கொடுங்கள்.

தாள்கள் தொலைந்துவிட்டன என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். அல்ஜீரிய எல்லைகளில் புதைத்த கண்ணிவெடிகளின் வரைபடங்களை, அந்நாட்டு விடுதலைக்கு 45 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல் கொடுத்தீர்களே! என் பெரியப்பா படையில் சேர்ந்த தேதியும் அவருடைய படைப்பிரிவும் பிழையில்லாமல் உங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கேட்டுத் தவறாமல் கடிதம் வருகிறது. இப்படி ஆவணம் காக்கும் அரசிடம் அந்தக் குழிகளின் கணக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

அணுகுண்டு சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்கு 2010இல் சட்டம் கொண்டுவந்தீர்கள். அதனால் பயன்பெற்ற அல்ஜீரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டுமாம். ஒட்டகத்தோடு இடம்பெயர்ந்துகொண்டே இருந்த துவாரெக் என்னும் சகாரா நாடோடி மக்கள் எந்த அலுவலகத்து முத்திரையைக் கொண்டுவருவார்கள்? பசிபிக் தீவுகளான பிரெஞ்சுப் பாலினீசியாவிலும் அணுகுண்டு சோதித்தீர்கள். அதற்காக அந்தத் தீவுகளுக்குப் பிரான்சு கடன்பட்டிருக்கிறது என்று 2021இல் தாஹித்தியில் நின்று சொன்னீர்கள். அதே கடன் சகாராவிலும் இருக்கிறது.

முஸ்லிம் உலகம் ஏன் மேற்கு நாடுகளை நம்ப மறுக்கிறது என்று பாரிஸ் தொலைக்காட்சிகளில் ஓயாமல் விவாதிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பெண் தலையில் கட்டும் துணியைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது. சட்டம் போடவும் நேரம் இருந்தது. 132 ஆண்டுகள் ஆண்ட மண்ணில் விட்டுவந்த நஞ்சைப் பற்றிப் பேச நேரமில்லை. இன்னொன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் நிர்வாகத்தை அமைதியாக இந்தியாவிடம் ஒப்படைத்தீர்கள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. எங்களோடு மேசையில் உட்கார்ந்து பேசி முடித்த அதே பிரான்சு, அவர்கள்மேல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போர் நடத்தியது.

மனத்தாங்கலில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். வரைபடத்தைக் கொடுங்கள். குழிகளைத் தோண்டிச் சுத்தம் செய்ய ஆளும் பணமும் அனுப்புங்கள்.

பெரியப்பாவுக்கு 87 வயது. வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கேள்வியைக் கேட்கிறார். "எழுதியிருக்கிறேன் பெரியப்பா, பதில் வரும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் குடிமகன்