நூருவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள நூரு,

இங்கே எல்லாரும் நலம். என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. விசாரிப்பு முடிந்தது. வருஷா வருஷம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வா என்று கூப்பிடுவாய், இந்த ஆனியில் அதுவும் இல்லை. போன தடவை உன் மாமியாரிடம் குடைக் கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபமா?

போனில் பேசலாம்தான். நீ நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் லயன்ஸ் சங்கக் கூட்டத்துக்கு ராயபுரத்திலிருந்து ஒருவர் பேச வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கோஷ்டி அவருடையது. காவி உடை, முன்னால் மாதா சப்பரம், உன் ஊர் வழியாகத்தானே போகிறார்கள், பார்த்திருப்பாய். இவர்கள் கோஷ்டியில் பாதிப் பேர் இந்துக்கள், முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட்டு, நாகூர் தர்காவில் பாத்திஹா ஓதச் சொல்லி, அப்புறம்தான் வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

அவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் எழுந்துவிட்டார். கட்சி அரசியலும் மதப் பிரிவு விவகாரமும் சங்கத்தில் விவாதிக்கக் கூடாது என்று லயன்ஸ் நோக்கங்களிலேயே இருக்கிறதாம். விவாதிக்கத்தானே கூடாது, கேட்கலாமே என்று தலைவர் மணியை அடித்து அவரை உட்கார வைத்தார்.

மனிதர் நன்றாகவே பேசினார். நாகூர் தர்காவின் பெரிய மனோரா, அதான் அந்த உயரமான கோபுரம், 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங், வேளாங்கண்ணி மாதிரியே அங்கேயும் இந்துக்கள் மொட்டை போடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னார். உனக்குத் தெரியாததா! முடிந்ததும் ஒருவர் எழுந்து, "காவி கட்டிக்கிட்டு தர்கா தெருவுல போகும்போது ஒண்ணும்..." என்று இழுத்தார். "சார், அவங்க கண்ணுக்கு இது மாதா காவி" என்று பேச்சாளர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை நூரு. கேள்வி கேட்டால் கேட்கட்டும், குரலை ஏன் தாழ்த்த வேண்டும்? காளிகாம்பாள் ஊர்வலம் பார்க்க மண்ணடியில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் தெருவே ஏறி நிற்கும். யார் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்கள்? வீட்டுக்கு வந்தும் அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. மோர்ப் பந்தல் என்றார் ஒருவர், சங்கத்துச் சின்னம் போட்ட பனியன் என்றார் இன்னொருவர். மோர் குடித்தவள் அப்புறம் எங்கே போவாள் என்று கேட்டேன். ஹால் கப்சிப். புரியவில்லையோ என்று மூத்திரம் என்ற வார்த்தையைப் போட்டே கேட்டேன். கூட்டத்தில் வேடிக்கையாக அபராதம் வசூலிக்கிற டெயில் ட்விஸ்டர் உண்டியலை நீட்டி ஐம்பது ரூபாய் அபராதம் என்றார். நூறாகப் போட்டு, அடுத்த தடவைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நம் கணக்கு டீச்சராக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள்.

பேச்சாளரின் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சமோசாத் தட்டோடு வந்து என்னை ஓரமாக இழுத்துப் போனாள். வழியெல்லாம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லையாம். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடந்தாலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. நடு ராத்திரியில் எழுந்து, நாலு பேர் சேலையை விரித்துத் திரை பிடிக்க ஒவ்வொருத்தியாக ஒதுங்க வேண்டும். இரண்டு நாளில் நீர்க்கடுப்பு வந்துவிடும். போன வருஷம் கடலூரில் ஒருத்தி மயங்கி விழுந்து, டிரிப்ஸ் ஏற்றி, பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்களாம். நாகூரில் ஒரு வீட்டம்மா மட்டும் இவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, "செருப்போடயே போம்மா, வழுக்கும்" என்றாளாம். பேர்கூடக் கேட்கவில்லையாம். அவள் புருஷனின் சொற்பொழிவில் இது வரவே இல்லை பார்.

கேள்வி கேட்டவளே கமிட்டித் தலைவி என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். கல்யாண மண்டபம் கிடைக்காது, ஆவணி முகூர்த்தம். பெட்ரோல் பங்கில் கக்கூஸைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார்களாம். ஆகவே, வழியில் வீடுகளாகப் பிடிக்க வேண்டும். கடலூருக்கும் சீர்காழிக்கும் அங்குள்ள சங்கங்களுக்கு எழுதிவிட்டேன். காரைக்காலுக்கு நீதான். தலையாலேயே கயிலாயத்துக்கு நடந்த அம்மையார் ஊர்க்காரியாயிற்றே! அவளுக்கே பேயுருவம் கேட்டு வாங்கின பிறகுதான் நிம்மதியாக வழி நடக்க முடிந்தது. நம் பெண்கள் பாவம், சேலை கட்டிக்கொண்டு போகிறார்கள்.

உன் வீட்டில் குடித்தனக்காரர் காலி செய்த கீழ்ப் போர்ஷன் இன்னும் சும்மாதானே கிடக்கிறது? ஒரு ராத்திரிக்கு இருபது பெண்கள் படுக்க வேண்டும். பின்கட்டுக் கக்கூஸுக்குக் கதவுத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பல்பு எரிகிறதா என்று பார். சமையல் வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிரியாணி போடுகிறேன் என்று கிளம்பாதே, மாதா விரதத்தில் கவுச்சி ஆகாது. அத்தையிடம் நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா?

ஆடி முடிவதற்குள் பதில் போடு. முட்டியை நம்பி நானும் நடக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், மருந்து வேனில் வருவேன். தொட்டிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்பதையும் மறக்காமல் எழுது.

உன்
வசந்தா