காளான் அறையின் சன்னலை அடைக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வைக்கோலை ஊறவைப்பது, அவிப்பது, வித்துப் போடுவது வரை எழுதியவர் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்புறம், அறையின் சன்னல்களை அடைத்து இருட்டாக வைத்து நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்தால் போதும், இடமில்லாதவர்கள் படுக்கையறை மூலையில்கூட வளர்க்கலாம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உடுமலைப்பேட்டைக்காரன். 29 வருடம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். நூல் நூற்கும் வேலை அல்ல. ஆலைக்குள் காற்றின் ஈரத்தைச் சரியாக வைக்கும் பிளாண்டில் வேலை. காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்தத்தான் எங்களை வைத்திருந்தார்கள். மணிக்கு ஒரு முறை அளவு பார்த்து ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டை ஒட்டித் தேங்காய் போட்டுவைத்திருந்த 8க்கு 10 அடி அறையைச் சுத்தம் செய்து, நானும் மனைவியுமாகக் காளான் போட ஆரம்பித்தோம். 29 வருடம் காற்றையும் ஈரத்தையும் பார்த்தவன் முதல் தடவையே கோட்டை விட்டேன் என்பதால்தான், புதிதாகத் தொடங்குகிறவர்களை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதல் முறை 20 படுக்கை, அதாவது வைக்கோலும் வித்தும் அடைத்த பைகள், போட்டோம். ஆனி மாதம், காற்று ஆரம்பித்துவிட்டது. ஈரம் போய்விடுமே என்று இரண்டு சன்னலிலும் பாலிதீன் தாளை ஒட்டினேன். பதினெட்டு நாளில் பைகள் முழுக்க வெள்ளையாகப் பூசணம், அதாவது காளானின் வேர் போன்ற இழை, ஓடிவிட்டது, குறையே இல்லை. பையைக் கிழித்து நாலாம் நாள் மொட்டு கட்டியது. அதற்கப்புறம் வந்ததைக் காளான் என்று சொல்ல முடியாது. தண்டு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. சில இடத்தில் தண்டு மட்டும் கொத்தாக நீண்டு நின்றது. வித்து சரியில்லை என்று வித்துக் கொடுத்தவரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அவர் மேல் தப்பே இல்லை. பிறகு போய் வருத்தம் தெரிவித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போனவர் உடனே வெளியே வந்து, “ஏனுங்க, உள்ளே போனா மூச்சு முட்டுதுங்க” என்றார். நமக்கு முட்டினால் காளானுக்கும் முட்டும்தானே!

காளான் செடி அல்ல. செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். காளான் நம்மைப் போல பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது, கூடவே சூட்டையும் விடுகிறது. பைக்குள் பூசணம் பரவுகிற நாட்களில் இது பெரிய சங்கதி இல்லை. கரியமில வாயு நிறைய இருந்தாலும் அது தாங்கும், அதனால்தான் பையில் சின்னத் துளைகளே போதுமானதாக இருக்கின்றன. ஆனால் மொட்டு கட்டும் நேரத்தில் அதே வாயு கெடுதல். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு அளவுக்குத்தான் கரியமில வாயு இருக்கிறது. காளான் விரியும் அறையில் அது 1000 பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. தாண்டத் தாண்டக் குடையை விரிக்காமல் நல்ல காற்றைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். வெளிச்சம் போதாவிட்டாலும் தண்டு நீளும். அதனால் கிழித்த பைகளை இருட்டறையில் வைக்கச் சொன்னதும் சரியில்லை. புத்தகம் படிக்கிற அளவு மங்கலான வெளிச்சம் பகலில் சில மணி நேரம் வேண்டும்.

சரி, காற்றுதானே வேண்டும் என்று அடுத்த தடவை, ஆடிக் கடைசியில், இரண்டு சன்னலையும் விரியத் திறந்து வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒரே நாளில் மொட்டுகள் பழுப்பாகிக் காகிதம் போலச் சுருங்கிவிட்டன. தப்பிப் பிழைத்தவை ஓரம் வெடித்து மஞ்சளாக வந்தன. பதறிப்போய்க் காளான் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சினேன். குடையில் தேங்கிய நீர் காயாமல் நின்ற இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து பிசுபிசுத்தது. அது பாக்டீரியா செய்கிற வேலை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு தடவையும் சேர்த்து 40 படுக்கையில் 10 கிலோ தேறவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பழைய ஆலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் அறை 9 அடி உயரம். ஆக உள்ளே இருப்பது 20 கன மீட்டர் காற்று. பங்குனி வெயிலில் வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 16 கிராம் அளவு நீர்தான் ஆவியாக இருக்கும். அறைக்குள் 27 டிகிரியில் 85 சதவீதம் வேண்டுமென்றால் 22 கிராம் வேண்டும். ஆக, அறைக் காற்று ஒரு தடவை முழுசாக மாறும்போதெல்லாம் 120 கிராம் தண்ணீரை நாம் ஆவியாகச் சேர்த்தாகவேண்டும். மணிக்கு நான்கு தடவை காற்று மாறினால் அரை லிட்டர். கைத்தெளிப்பானை வைத்துக்கொண்டு காளான் மேல் நாலு தடவை தெளித்து இதைச் சமாளிக்க முடியுமா? முடியாது. உள்ளே நுழைகிற காற்று நுழையும் வழியிலேயே நனைந்து வரவேண்டும். ஆலையில் நாங்கள் செய்ததும் அதுதான். தண்ணீர்ச் சாரலுக்குள் காற்றை விட்டு, நீர்த்துளி ஒட்டாமல் தட்டுகளால் தடுத்து, ஈரக்காற்றை மட்டும் மெஷின்களுக்கு அனுப்புவோம்.

வீட்டில் அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் காற்று வரும் வழி வைத்தேன். காளான் ஈ நுழையாமல் இருக்க நெருக்கமான நைலான் வலை. வலைக்கு உள்பக்கமாக இரட்டைக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, அதன் அடியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மேலே ஒரு குழாயிலிருந்து சொட்டு விழும்படி செய்தேன். எதிர்ச் சுவரில் கூரைக்குப் பக்கத்தில் 6 அங்குல எக்சாஸ்ட் விசிறி. அது உள்காற்றை வெளியே இழுக்கும்போது, புதுக்காற்று ஈரச்சாக்கு வழியாகத்தான் உள்ளே வந்தாகவேண்டும். ஈரமும் ஏறும், சூடும் குறையும். தரையில் மூன்று அங்குலம் மணல் பரப்பி நனைத்து வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் விசிறி ஓடினால் என் அறைக் காற்று ஒரு முறை மாறிவிடும். டைமர் போட்டு, பூசணம் ஓடுகிற நாட்களில் எப்போதாவதும், மொட்டு வந்த பிறகு கால் மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடமும் ஓடவிடுகிறேன். மழைநாளில் சாக்குக்குச் சொட்டு விடுவதில்லை, வெளிக்காற்றே ஈரமாகத்தான் இருக்கும். விசிறிக்காற்று எந்தப் படுக்கை மேலும் நேராக அடிக்கக்கூடாது. படுக்கைகளைத் தொங்கவிடுவதற்கு முன்னால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். புகை அசையாமல் நிற்கிற மூலையில் படுக்கை வைக்கவேண்டாம்.

இன்னொன்று, ஈர அறைக்குள் பிளக், சுவிட்ச், டைமர் எதையும் வைக்காதீர்கள். எல்லாம் வெளிச்சுவரில் இருக்கட்டும். கசிவு மின்சாரம் வந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும்.

ஈரத்தை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் மட்டும் நனைந்த மல் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் இருக்கும்படி மாட்டுங்கள். காய்ந்தது 28 காட்டி, நனைந்தது 26 காட்டினால் ஈரப்பதம் 85 சதவீதம் அளவில் இருக்கிறது, நல்லது. நனைந்தது 24 என்றால் 72க்கு இறங்கிவிட்டது, தரையையும் சுவரையும் நனையுங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் அறை சொட்டச் சொட்ட ஈரம், விசிறியைக் கூடுதலாக ஓடவிடுங்கள். டிஜிட்டல் மீட்டர் வாங்கியவர்கள் அதை அப்படியே நம்பவேண்டாம். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கூழாகிற அளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் அது 75 காட்டவேண்டும். என்னுடையது 68 காட்டியது. இப்போது அதில் ஏழு கூட்டிக்கொள்கிறேன்.

மூன்றாம் தடவை 20 படுக்கையில் 15 கிலோ கிடைத்தது. உள்ளங்கை அகலக் குடைகள். அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன்.

இன்னும் பெரிதாகட்டும், ஞாயிற்றுக்கிழமை விற்கலாம் என்று இரண்டு நாள் பறிக்காமல் விட்டேன். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது. சன்னல் வழியாக விழுந்த வெயில் கீற்றில் புகை போல வெள்ளைத் தூள் மிதந்தது. அத்தனையும் காளானின் வித்துத்தூள். அந்த அறைக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கதவுதான், அதுவும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். மனைவிதான் உள்ளே நின்று பறித்தார். அன்று சாயங்காலம் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம். காலையில் சரியாகிவிட்டது. மறுபடி பறித்த நாளிலும் அதேபோல வந்தது. நாலாவது முறை டாக்டரிடம் போனபோது, வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதும்தான் எங்களுக்கு உறைத்தது. காளான் தூள் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல், மூச்சில் போன சில மணி நேரம் கழித்து இப்படிக் காட்டும் என்றார். வருடக்கணக்கில் சுவாசித்துக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்றும் எச்சரித்தார்.

பஞ்சுத்தூசியில் நெஞ்சு போன சகதொழிலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகுகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், என் வீட்டுக்குள்ளேயே தூசியை நிரப்பி அதற்குள் மனைவியை நிறுத்தினேனே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இப்போது குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுகிறோம். உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் முன்பே விசிறி ஓடும். பறிப்பது நான், அதுவும் நல்ல முகக்கவசத்தோடு. மனைவி உள்ளே வருவதே இல்லை. நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். விசிறி தள்ளுகிற காற்று எங்கள் சமையலறைப் பக்கமோ அடுத்த வீட்டுச் சன்னல் பக்கமோ போகாமல், தென்னந்தோப்புப் பக்கம் போகும்படி திருப்பியிருக்கிறேன்.

தயவுசெய்து படுக்கையறை மூலையில் வளர்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளிலும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அதை நம்பி எங்கள் தெருவிலேயே ஒரு அம்மிணி கைக்குழந்தை தூங்குகிற அறையில் நான்கு பைகளைத் தொங்கவிட்டிருந்தார். சொல்லிப் புரியவைத்து, பின்பக்கத் தாழ்வாரத்தில் மறைப்புக் கட்டி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

காளான் வளர்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்க்கட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சி தருகிறார்கள், போய்க் கற்றுக்கொள்ளலாம். கோடையில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டாமல், அந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளானைப் போடலாம், அது வெயிலைத் தாங்கும். அதற்கும் காற்று வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, அதே ஞாயிறு இணைப்பில் அதே இடத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மொட்டு வந்த அறையை அடைத்து வைக்காதீர்கள், ஆட்கள் தூங்கும் அறையில் வளர்க்காதீர்கள் என்று இரண்டு வரி போதும். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அந்தத் திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
உடுமலைப்பேட்டை.