அழுத்தினால் அசையாத பட்டன்: உரிமத் தொகையைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் ரியாக்ட் நேட்டிவ் பட்டன் கிட்டில் தொடு உணர்வுக் கோளாறு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ரியாக்ட் நேட்டிவ் என்ற மென்பொருள் சட்டகத்தில் மொபைல் ஆப் செய்வதற்கு நீங்கள் விற்கும் ஆயத்தப் பட்டன்களின் தொகுப்பான கிட்டுக்கு, என் ஆப்புக்காக 14,999 ரூபாய் கட்டி ஓராண்டு உரிமம் வாங்கியவன் நான். நான் புகார் டிக்கெட்டைத் திறப்பதும் நீங்கள் "தீர்க்கப்பட்டது" என்று மூடுவதுமாகவே காலம் போகிறது. அதனால் நேராக உங்கள் பார்வைக்கே எழுதுகிறேன்.

முதல் கோளாறு ஆண்ட்ராய்டில். முனை வளைந்த பட்டனைத் தொட்டால், தொட்ட இடத்திலிருந்து அலைபோல் பரவும் ரிப்பிள் மட்டும் சதுரமாக வெளியே வழிகிறது. ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முனையை வளைக்கும் பார்டர் ரேடியஸை உள்ளே இருக்கும் வியூவுக்கு (திரையில் ஒரு பெட்டி) கொடுத்துவிட்டு, ரிப்பிள் வரையும் வியூவைச் சூழ்ந்த வெளி வியூவை மொட்டையாக விட்டிருக்கிறீர்கள். வெளி வியூவுக்கும் அதே ரேடியஸைக் கொடுத்து ஓவர்ஃப்ளோவை ஹிட்டன் ஆக்கினால், அதாவது எல்லைக்கு வெளியே வழிவதை வெட்டினால், தீர்ந்தது. உங்கள் ஆதரவுக் குழுவும் அதைத்தான் சொன்னது, ஆனால் நிழல் இருக்கும் அதே வியூவில் போடச் சொன்னது! போட்டதும் ஐபோனில் நிழல் காணாமல் போயிற்று. ஐஓஎஸ்ஸில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் நிழலையும் சேர்த்து வெட்டும். நிழலுக்கு ஒரு வியூ, வெட்டுவதற்கு உள்ளே இன்னொரு வியூ என்று பிரிக்க வேண்டும். இது வாடிக்கையாளர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா?

ஐபோனில் தொட்டதற்கான அடையாளமே பட்டனில் தெரிவதில்லை. ரிப்பிள் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உரியது என்பதால், ஐஓஎஸ்ஸுக்கு அழுத்திய நிலை நிறத்தை நாமே தர வேண்டும். ரியாக்ட் நேட்டிவின் தொடு பாகமான பிரஸ்ஸபிளில், தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைலுக்கு ஒரு ஃபங்ஷன் (கூப்பிட்டால் விடை தரும் நிரல் துண்டு) கொடுத்தால் போதும், 2020-ல் 0.63 பதிப்பில் வந்ததிலிருந்தே இந்த வசதி உண்டு. நீங்களோ நான் தரும் ஃபங்ஷனை உங்கள் அடிப்படை ஸ்டைலோடு ஒரு அர்ரேக்குள் (பட்டியலுக்குள்) போட்டுவிடுகிறீர்கள். அர்ரேக்குள் கிடக்கும் ஃபங்ஷனை பிரஸ்ஸபிள் கூப்பிடாது. எர்ரரும் வராது, நிறமும் மாறாது. ஃபங்ஷனா என்று பார்த்து, கூப்பிட்டு, வரும் விடையை அர்ரேயில் சேர்ப்பது ஒரே வரி வேலை.

இனி அந்த ஃபோன் உரையாடல். பட்டனைத் தொட்டால் எதுவும் தெரியவில்லை, பயனர்கள் இரண்டு முறை தட்டுகிறார்கள், ஆர்டர் இரண்டாகப் பதிவாகிறது என்றேன். உங்கள் ஊழியர் சொன்ன பதில் இது: "உங்க யூசருக்குத் தொடத் தெரியல சார். நல்லா அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அழுத்திப் பிடித்தால் 500 மில்லிசெகண்டில் அது லாங் பிரஸ் ஆகிவிடும். உங்கள் கார்டு பட்டனில் லாங் பிரஸ்ஸுக்கு ஒரு மெனு வைத்திருக்கிறீர்கள், அது திறந்தால் சாதாரணத் தட்டலுக்கான ஆன்பிரஸ் வரவே வராது. தான் விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவரை ஃபோன் எடுக்க வைத்திருக்கிறீர்கள். அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

தொட்டதும் பட்டன் அசையாமல் தாமதிப்பதற்குக் காரணம் விரல் அல்ல. ஆன்பிரஸ் உள்ளே கனமான வேலை ஓடினால் ஆப்பின் நிரல் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் த்ரெட் அடைபட்டுவிடும், அழுத்திய நிறம் வேலை முடிந்த பிறகே திரையில் தெரியும். அந்த வேலையை, அடுத்த திரைச் சட்டத்துக்குத் தள்ளிவைக்கும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமுக்குள் வைத்தால் முதலில் நிறம் மாறும், பிறகு வேலை நடக்கும். இரட்டைத் தட்டலைத் தடுக்க நீங்கள் ஸ்டேட்டை (திரை மறுபடி வரையும்போதே புதிதாகும் மதிப்பு) நம்பியிருப்பதும் தவறு. திரை மறுபடி வரைவதற்குள் விழும் இரண்டாம் தட்டல் பழைய மதிப்பையே பார்க்கும். அந்த நொடியே மாறும் மதிப்பான ரெஃப் வைத்தால் உடனே பூட்டும். சோதனைக்கான டீபக் பில்டில்தான் மெதுவாக இருக்கும் என்று சாக்குச் சொல்ல வேண்டாம், எல்லாம் பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டில் பார்த்தது. தொடும் இடத்தைக் காட்டும் வசதியை ஃபோனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போட்டு வீடியோ எடுத்து அனுப்பினேன். பதிப்பை ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றினேன். அடுத்து வந்தவர் அதே வீடியோவை மறுபடி கேட்கிறார். அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதே இல்லையா?

சொல்ல விட்டுப்போனது: படம் உள்ள பட்டனில் ரிப்பிள் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ரிப்பிளை முன்னால் வரைய ஆண்ட்ராய்டு ரிப்பிளில் ஃபோர்கிரவுண்டை ட்ரூ ஆக்குங்கள், ஆண்ட்ராய்டு 6.0 முதல் வேலை செய்யும். 24 அளவுள்ள ஐகான் பட்டனுக்குச் சுற்றிலும் 12 ஹிட்ஸ்லாப் (தொடுபரப்பைப் பெரிதாக்கும் கூடுதல் இடம்) கொடுத்து 48 ஆக்கியிருப்பதாக உங்கள் கையேடு பெருமை பேசுகிறது. ஆனால் அந்தப் பட்டனை உள்ளடக்கிய தாய் வியூவையும் அதே 24-க்கு இறுக்கி வைத்திருக்கிறீர்கள். தாய் வியூவின் எல்லைக்கு வெளியே ஹிட்ஸ்லாப் செல்லாது. அந்த 12 வெறும் காகிதத்தில்தான்.

இதனால் எனக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாத நட்டம். என் ஆப்பைப் பயன்படுத்திய கடைக்காரர்கள் அதை நீக்கிவிட்டார்கள், இந்தத் தொழிலில் என் பெயரே கெட்டுப்போயிற்று.

தங்கள் மீது தனிப்பட்ட கோபம் ஏதுமில்லை. 15 நாளுக்குள் மேற்கண்டவற்றைத் திருத்திய பதிப்பைத் தாருங்கள், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிகத்துக்கு வாங்கியதால் நான் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று உங்கள் வழக்கறிஞர் எழுத வேண்டாம். ஆள் வைக்காமல் சுயதொழிலாகப் பிழைப்பவன் நான், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். சிரித்த அந்த ஊழியரை மட்டும் தயவுசெய்து மறுபடி அழைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, இரண்டு வீடியோக்கள், மூடப்பட்ட டிக்கெட்டுகளின் நகல்